ஆறு வளைவுகள் மிச்சம்

நாற்பத்தொரு வயது முடிந்தபோது அவள் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருபது வருடத்தைக் கழித்திருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு ஆளைப் படுக்க வைக்க வேண்டும். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு, "மூச்சு விடலாம்." ஒரு நாளைக்கு ஐம்பது தடவை இதே பாட்டு. "ஊருக்கெல்லாம் மூச்சு விடச் சொல்றே, நீ எப்ப விடுவே?" என்று அவள் கணவர் கேலி செய்வார். பஸ் பணிமனையில் நேரம் குறிக்கும் வேலை அவருக்கு. அவர் மட்டும் என்ன வாழ்ந்தார் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருடம்தான் லிஃப்ட்காரர் அவளுடைய எக்ஸ்ரே மேஜைக்கு வந்தார். சைக்கிளிலிருந்து விழுந்து தோளில் காறையெலும்பு இரண்டாகப் போயிருந்தது. இறுகப் பிடித்த கால்சட்டை, முழங்கையெல்லாம் சிராய்ப்பு, ஐம்பதை நெருங்கும் வயது. படுத்தபடியே அவர் கேட்ட முதல் கேள்வி:

"தங்கச்சி, வாசல்ல என் சைக்கிள் நிக்குதான்னு கொஞ்சம் பாரேன்."

படம் எடுத்து முடித்ததும் பாவம் என்று போய்ப் பார்த்தாள். நின்றது. நகர்த்தி வைக்கலாமென்று தூக்கியவள் அசந்துபோனாள். ஒரே கையில் வந்துவிட்டது. வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இதைவிடக் கனக்கும்.

திரும்பி வந்தபோது அவர், "எலும்பு உடைஞ்சிருக்கா?" என்றார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. நான் படம் எடுக்கறவ. டாக்டர் சொல்வாரு."

"ரெண்டு துண்டா கிடக்கறது எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?" என்று வலியோடு சிரித்தார் அவர்.

தெரியும். இருபது வருடத்தில் லட்சம் படம் பார்த்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அதைச் சொல்வது அவள் வேலையில்லை. எத்தனையோ முகங்களைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, அது பொய் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

தோள் சரியான பிறகு அவர்தான் அவளுக்கு ஒரு பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். முதல் நாள் சமதரையில் பத்து கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து படியேற முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மறுவாரமும் போனாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெட்ரோல் பங்க் அருகே கூடும் கூட்டத்தில் அவளும் ஒருத்தியானாள். மருந்துக்கடைக்காரர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். எல்லோருக்கும் அவர் கேப்டன். அவளுக்கு 'எக்ஸ்ரே அக்கா' என்று பேர் விழுந்தது. கூட்டத்தில் ஐந்து பேருடைய எலும்பு அவளுக்கு அத்துப்படி.

லிஃப்ட்காரரைச் சுற்றி எப்போதும் சிரிப்புதான். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவர், குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். "காலையிலிருந்து மத்தவங்களை மேல ஏத்தறேன், சாயங்காலம் நானே ஏறிக்கறேன்" என்பார். மேட்டுச் சாலையில் மற்றவர்கள் நாக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது, ஒவ்வொரு வளைவிலும் திரும்பி, "நாலாவது மாடி! கதவு திறக்குது, விலகி நில்லுங்க!" என்று அறிவிப்பார். சிரித்தால் மூச்சு போய்விடும். திட்டவும் மூச்சு இருக்காது.

அந்தக் கூட்டத்துக்குக் கனவென்று ஒன்று இருந்ததென்றால் அது ஊருக்கு வடக்கே இருந்த மலைதான். அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் பதினெட்டு கிலோமீட்டர், இருபத்திமூன்று கொண்டை ஊசி வளைவுகள். இளவட்டங்கள் ஏறிவிட்டார்கள். லிஃப்ட்காரர் முந்தைய வருடம் பதினான்காவது வளைவில் தசை பிடித்துச் சாலையோரம் படுத்துவிட்டார். அவள் ஒன்பதிலேயே வேனில் ஏறினாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருவரும் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். அந்த வருடம் முழுக்க, மழையோ குளிரோ, ஒரு ஞாயிறு தவறவில்லை.

மலையேற மூன்று மாதம் இருக்கும்போது அவருக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். சீட்டை அரை விரற்கடை ஏற்று என்றார் ஒருவர். இறக்கு என்றார் இன்னொருவர். ஹேண்டில் எட்டவில்லை, அதுதான் கோளாறு என்றார் கேப்டன். லிஃப்ட்காரர் ஏற்றினார், இறக்கினார், ஹேண்டிலை மாற்றினார். வலி போகவில்லை. படுத்தால் கூடியது. ஆளும் இளைத்திருந்தார், அதை எல்லோரும் பயிற்சியின் பலன் என்று பாராட்டினார்கள். அவளும்தான் பாராட்டினாள்.

"அண்ணே, ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாம்" என்று அவளே அவரை வரச் சொன்னாள். மருத்துவமனை டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, மலையேறுவதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மதியம் அவர் வந்தார்.

வழக்கம்போல முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. திரையில் படம் வந்தது. முன்பக்கப் படத்தில் ஒவ்வொரு முதுகெலும்பிலும் இரண்டு வட்டங்கள் தெரியும், முகத்தில் இரண்டு கண் மாதிரி. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவைத்த முகங்கள். இடுப்பில் மூன்றாவது முகத்துக்கு ஒரு கண் இல்லை. எலும்பு அங்கே அரித்துப் போயிருந்தது. பக்கவாட்டுப் படத்தில் அதே எலும்பு ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

அப்படி ஒரு கண் போன படங்களை இதற்குமுன் நாலைந்து பார்த்திருக்கிறாள். அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதும் தெரியும்.

"என்ன தங்கச்சி, மலை ஏறலாமா?" என்று மேஜையிலிருந்து குரல் வந்தது.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. நான் படம் எடுக்கறவ." வாய் தானாகச் சொன்னது. "திங்கட்கிழமைதான் ரிப்போர்ட் வரும். அதுவரைக்கும் ஓட்டாம இருங்களேன்."

"ஏன், ஏதாவது இருக்கா?"

"இல்லண்ணே. வலியோட எதுக்குன்னுதான்."

"வலி இன்னிக்கா வந்துச்சு? மூணு மாசமா கூடவே குடித்தனம் நடத்துது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் வெளியூரில் இருந்தார். அவருக்குப் படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"திங்கட்கிழமை ஸ்கேனுக்கு முதல் ஆளா போட்டுடு. அவரை அனுப்பின டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

"சார், ஞாயித்துக்கிழமை அவர் சைக்கிள்ல மலை ஏறப் போறாரு."

"என்னது? குழியில ஒரு தடவை இறங்கி ஏறினாலே அந்த எலும்பு நொறுங்கிடும். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே போயிடும். வேண்டாம்னு சொல்லு. காரணம் சொல்லாதே."

காரணம் சொல்லாமல் வேண்டாமென்று எப்படிச் சொல்வது என்று அவர் சொல்லித்தரவில்லை.

சனிக்கிழமை இரண்டு முறை லிஃப்ட்காரருக்குப் போன் செய்தாள். மழை வரும் என்றாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதே என்றார். எனக்கு முடியவில்லை, அடுத்த மாதம் போகலாம் என்றாள். "நீ அடுத்த மாசம் போ, அப்பவும் நான் கூட வரேன். நாளைக்கு நான் போறேன்" என்றார். பின்னால் அவர் மனைவி, "மூட்டை கட்டி வச்சாச்சு, இனி இவரை யார் நிறுத்தறது!" என்று சிரிப்பது கேட்டது. அப்போது சொல்லியிருக்கலாம். சரி அண்ணே என்று போனை வைத்துவிட்டாள்.

"சொல்லிடலாமா?" என்று கணவரைக் கேட்டாள்.

"நீ டாக்டரா? தப்பா இருந்துட்டா அந்த மனுஷனுக்கு யார் பதில் சொல்றது? வேலையும் போகும்." பிறகு அவரே, "கூடப் போ. கண்ணு முன்னாடி வச்சுக்கோ. வேற என்ன செய்வே?" என்றார்.

போனாள். தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிவரும் மருந்துக்கடை வேன், முன்னால் போகிறவர்களை விட்டுவிட்டு இவர்கள் பின்னாலேயே வரவேண்டும் என்று கேப்டனிடம் பிடிவாதம் பிடித்தாள். "எனக்கு இந்தத் தடவையும் ஒன்பதுதான்" என்று சாக்கு சொன்னாள்.

ஒன்பது வந்தது, போனது. எப்போதும் பின்தங்குகிறவள் அன்றைக்கு அவருடைய பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டே ஏறினாள். சாலையைப் பார்க்கவில்லை. அவர் முதுகையே பார்த்தாள். ஒவ்வொரு விரிசலிலும் சக்கரம் விழுந்து எழும்போது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவரோ ராஜாவாக ஏறினார். "பதினாலாவது மாடி! போன வருஷம் இங்கதான் படுத்தேன், பாரு, மரியாதையா ஒரு கும்பிடு போட்டுக்கறேன்!" என்று ஒரு கையைத் தூக்கினார். "ரெண்டு கையாலயும் பிடிங்கண்ணே!" என்று அவள் கத்திய கத்தலில் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பதினாறாவது வளைவு தாண்டியதும் அவருடைய வலது கால் பெடலிலிருந்து நழுவியது. மாட்டினார். மறுபடி நழுவியது.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. கால் மிதிக்குது, ஆனா மிதிக்கறது எனக்குத் தெரியல. மரத்துப்போச்சு போல."

"பதினேழாவது மாடி" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவள் சைக்கிளோடு சாலையோரம் சாய்ந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மூச்சு முட்டுது. இங்க வலிக்குது."

அவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. வேனை நிறுத்தி, அவளைத் தாங்கி ஏற்றினார்.

"நீங்களும் வாங்கண்ணே. பயமா இருக்கு."

அவர் ஒருமுறை மேலே பார்த்தார். மலையின் மடிப்பில் மிச்சமிருந்த ஆறு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வெயிலில் தெரிந்தன. காற்றே இல்லை. கேப்டனின் மஞ்சள் சட்டை இருபதாவது வளைவில் சின்னதாக நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு தன் சைக்கிளை வேனில் ஏற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே போய்ச் சேரும் வரை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே வந்தார். "மெதுவா போப்பா, குலுக்காதே" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குத்தான் அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டாரா? நேரே மருத்துவமனைக்கே கொண்டுபோனார். நெஞ்சில் ஒயரை ஒட்டி இதயத்தைச் சோதித்தார்கள். குதிரை மாதிரி இருக்கிறது என்றார்கள். சைக்கிள் ஷூ தரையில் டக் டக்கென்று ஒலிக்க அவர் தாழ்வாரத்தில் நடந்தார். உட்கார்ந்தால் முதுகு வலித்ததால்தான் நடந்தார். அவள் கணவருக்கு அவரே போன் செய்து, "ஒண்ணும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றார். அவள் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் ஆரம்பித்த புற்றுநோய் எலும்புக்குப் போயிருந்தது. படத்துக்கு அனுப்பிய டாக்டர் அவரையும் மனைவியையும் உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். கடைசியில் ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: "நல்லவேளை, எங்க டெக்னீஷியன் வெள்ளிக்கிழமையே பார்த்துட்டு போன் பண்ணாங்க. இல்லன்னா இவ்வளவு சீக்கிரம் ஸ்கேன் கிடைச்சிருக்காது."

அன்று லிஃப்ட்காரர் அவளுடைய அறை வாசலைக் கடந்துதான் வெளியே போனார். அவள் எழுந்து நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முதுகில் கம்பி வைத்துக் கட்டினார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள். வலது காலில் உணர்ச்சி திரும்பவில்லை. மூன்று மாடி ஏற முடியாது, இறங்க முடியாது. சிகிச்சைக்குப் போகும் நாட்களில் கேப்டனும் இன்னொருவரும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினார்கள். அவள் வந்தால் மட்டும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று முறை போனாள், மூன்று முறையும் தூக்கம்.

"மருந்து அப்படி" என்றாள் அவர் மனைவி, வாசலிலேயே. துணிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள் அவள். "நீ அன்னிக்கு அப்படி நடிக்கலன்னா இவர் அங்கேயே படுத்திருப்பார். எனக்குத் தெரியும். டாக்டரும் சொன்னார். உன் காலைக் கழுவிக் குடிச்சாலும் தகும்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணி."

நான்காவது முறை போனபோது அவர் விழித்திருந்தார். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். சைக்கிள் சுவரில் மாட்டியிருந்தது. மனைவி டீ போட உள்ளே போனாள். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வெள்ளிக்கிழமையே தெரியும், இல்லையா?"

"தெரியும்ணே."

"நான் கேட்டேன். நேராவே கேட்டேன்."

"சொல்லக் கூடாதுண்ணே. எங்களுக்கு விதி அப்படி."

"என் வேலையில கம்பிக் கயித்துல ஒரு இழை அறுந்திருந்தா 'லிஃப்ட் ஓடாது'ன்னு போர்டு மாட்டிடுவேன். யாரையும் கேட்க மாட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சரி, உன் விதி உனக்கு. ஆனா ஒண்ணு சொல்லு. ஏறும்போது என்ன வேகம் போனோம்?"

"ஏழு. எட்டு."

"நடக்கிற வேகம். ஆபத்து இறங்கறதுல. நீ விஷயத்தைச் சொல்லியிருந்தா, நான் மேல வரைக்கும் ஏறிட்டு, வேன்ல இறங்கியிருப்பேன். கால் மரத்தா தள்ளிக்கிட்டுப் போயிருப்பேன். இல்ல, பயந்துபோய் வீட்டுலயே இருந்திருப்பேன். எதுவா இருந்தாலும் நான் முடிவு பண்ணியிருப்பேன்."

வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை தூங்காமல் யோசித்தவளுக்கு இது தோன்றவே இல்லை. தடுப்பதா விடுவதா என்று மட்டுமே யோசித்தாள். அவரிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

"உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நான் பயந்தேன் பாரு, அதுதான் தாங்கல" என்றார். "வேன்ல வரும்போது உன் வீட்டுக்காரருக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டே வந்தேன். மலையை நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கல. ஆறு வளைவு. அதுதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா, ஒழுங்கா ஒரு தடவை பார்த்திருப்பேன்."

"மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி டீயோடு வந்தாள். மூவரும் குடித்தார்கள். கேப்டனுக்குப் புது வேன் வாங்கும் எண்ணம் இருக்கிறதென்று பேச்சு நடந்தது.

ஐந்தாவது மாதம் அவர் போய்விட்டார். சாவு வீட்டுக்கு அவள் போனாள், பின்வரிசையில் நின்றாள், யாரோடும் பேசாமல் திரும்பினாள். அடுத்த ஞாயிறு கூட்டம் முழுவதும் அவர் பேரைச் சொல்லி மலை ஏறியது. அவளைக் கூப்பிட்டார்கள். மருத்துவமனையில் வேலை என்றாள். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி போன் செய்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டோடு போகப் போவதாகவும், சைக்கிளைப் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றும் சொன்னாள். கூட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கத் தன்னை ஏன் கூப்பிட்டாள் என்று தெரியாமலே அவள் போனாள். சுவரிலிருந்து இறக்கினார்கள். சக்கரங்களைக் கழற்றினாள். இடது பெடல் வரவில்லை. அது எதிர்ப்பக்கம் திருகவேண்டியது என்பது மறந்துபோய் வெகுநேரம் மல்லுக்கட்டினாள். அண்ணி தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உன்கிட்ட என்ன பேசினார்னு என்கிட்டயும் சொன்னார்" என்றாள் திடீரென்று. "நான் சண்டை போட்டேன். அவ உங்க உயிரைக் காப்பாத்தினான்னு சொன்னேன். இன்னும் நாலஞ்சு மாசம், அதுல பாதி நாள் வலி, இதையா காப்பாத்தினான்னு கேட்டார்."

அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"உன்மேல கோபம் இல்லையாம். ஆனா உன்னைப் பார்க்கப் பிடிக்கலைன்னார். நீ வர்றப்பல்லாம் தூங்கலை. கண்ணை மூடிட்டு இருப்பார்." அண்ணி அழவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "சொல்லாம விட்டா எனக்கு நல்லதா இருக்கும். ஆனா நாமெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சது போதும்."

"சரி அண்ணி."

"எனக்கு அந்த அஞ்சு மாசம் வேணும்னுதான் இருந்துச்சு. அதையும் கேட்டுக்கோ."

ஸ்பேனரை மறுபடி எடுத்து, ஞாபகம் வந்து பெடலை எதிர்ப்பக்கம் திருப்பியதும் சட்டென்று கழன்றது. கை நிறையக் கறுப்பு எண்ணெய். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூன்று மாடியும் சட்டகத்தைச் சுவரில் இடிக்காமல் இறக்கினார்கள். ஒரு கையால் தூக்கிவிடலாம் அதை. ஆனாலும் அண்ணி விடவில்லை, கீழ்ப்படி வரை பிடித்துக்கொண்டே வந்தாள்.